வானம் பார்த்த பூமியும் நெருப்பின் நீலமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் கோடைக்காலத்தில் பயணம் செய்வோர், கரிமூட்டங்களின் புகையைக் காணாமல் போவது அரிது. சீமைக்கருவேலங் கட்டைகளைக் குவித்து அடுக்கி, தழையும் மண்ணும் இட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து, காற்று மிகுதியாகப் புகாதபடி காத்து, நாட்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் கண்மாய் நிறையாது. கம்பும் சோளமும் பருத்தியும் தலையெடுக்க மாட்டா. அத்தகைய ஆண்டுகளில் இம்மூட்டங்களே பல வீடுகளுக்குக் கஞ்சி வார்த்துள்ளன. புகை தடித்து வெண்மையாக வரும்வரை உள்ளே கட்டை வேகவில்லை என்றும், அது மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி பதமாயிற்று என்றும் மூட்டம் போடுவோர் கணிப்பர். புகையின் அந்த நீலம் வேறு. நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வது நெருப்பின் நீலம்.

பீடத்தில் எரியும் மெழுகுதிரியைக் கூர்ந்து நோக்கினால், மஞ்சள் சுடருக்குக் கீழே, திரியின் காலடியில், மெல்லிய நீலக் கிண்ணம் ஒன்று தெரியும். மேலே உள்ள மஞ்சள், புகைக்கரித் துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால் வருவது. கொல்லன் உலையில் இரும்பு பழுப்பதும் இதுவும் ஒரே வகை. கீழே உள்ள நீலமோ அப்படி வருவதன்று. மெழுகின் ஆவி சிதைந்து, கார்பனும் ஹைட்ரஜனும் பிரிந்தும் கூடியும் உருமாறும் அந்த இடத்தில், நம் அன்றாட உலகில் நிலைத்து வாழ இயலாத சில சிறு மூலக்கூறுகள் பிறக்கின்றன. ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது ஒன்று. இரண்டு கார்பன் அணுக்கள் மட்டுமே கைகோத்தது மற்றொன்று. அவற்றுள் சில, பிறக்கும்போதே மிகையான ஆற்றலுடன் பிறந்து, அந்த மிகையை ஒளியாகக் கொடுத்துவிட்டு அடங்குகின்றன. முன்னது ஊதா கலந்த நீலத்தையும், பின்னது நீலத்தையும் பச்சையையும் தரும். அருப்புக்கோட்டைப் பட்டறைகளில் அசிட்டிலின் வாயுவைக் கொண்டு வெல்டிங் செய்வோர் சுடரைத் திருத்தும்போது, குழல் முனையில் பளிச்சிடும் சிறு கூம்பில் இந்த இருகார்பன் மூலக்கூறு நிறையவே உண்டு.

இந்நீலத்தை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்துப் பார்த்தவர்களுள் முன்னவர் இங்கிலாந்தின் வாலஸ்டன். 1802-இல் மெழுகுதிரியின் அடி நீலத்தை ஆராய்ந்த அவர், அது வானவில்லைப்போல் தொடர்ந்து விரியாமல் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து நிற்பதைக் குறித்துவைத்தார். அதை முறையாக அளந்தவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் ஸ்வான். கார்பனும் ஹைட்ரஜனும் அடங்கிய பலவகை எரிபொருள்களின் சுடர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 1857-இல் அவர் முடிவை வெளியிட்டார். எண்ணெய் எதுவானால் என்ன, ஆவி எதுவானால் என்ன, பட்டைகள் அதே இடங்களில்தாம் நின்றன. நீலத்தில் ஒன்று, 473.7 நானோமீட்டர், பச்சையில் ஒன்று, 516.5, மஞ்சளை ஒட்டிய பச்சையில் ஒன்று, 563.5. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒவ்வொரு பட்டையும் சிவப்பை நோக்கிய பக்கத்தில் வரம்பு கட்டினாற்போல் கூர்மையாகத் தொடங்கி, ஊதாவை நோக்கி மெல்ல மங்கிக் கரையும். ஸ்வான் பட்டைகள் என்னும் பெயர் அவற்றுக்கு இன்றளவும் நிலைத்துவிட்டது.

இவற்றைத் தருவது எது? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி எழுபது ஆண்டுகள் தீராமல் கிடந்தது. 1862-இல் ஆட்ஃபீல்டு என்பவர், இது கார்பனுக்கே உரிய ஒளி என்றார். சுவீடனின் ஆங்ஸ்ட்ராமும் தாலேனும், அன்று, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மத்தின் ஒளி என்றனர். பின்னர் கார்பன் மோனாக்சைடைக் காட்டியவர்களும் உண்டு. எந்தக் குழாயிலும் ஹைட்ரஜனின் சுவட்டையோ ஆக்சிஜனின் சுவட்டையோ முற்றாகத் துடைத்தெடுக்க அக்காலத்தில் இயலவில்லை. ஆகவே ஒவ்வொருவர் சோதனையும் மற்றவருக்கு ஐயத்துக்கு இடமாயிற்று.

நிலத்தில் வழக்கு இழுபட்டுக்கொண்டிருக்க, சாட்சி வானத்திலிருந்து வந்தது. வால்மீன்களை நோக்கிக் கண் வைப்பது நம் கரைக்குப் புதிதன்று. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்தபோது, ஆல்ஃபா சென்டாரி என்னும் தென்வானத்து நட்சத்திரம் உண்மையில் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கண்டார். ஆனால் அவர் கையில் முப்பட்டகம் இல்லை. வால்மீன் எதனால் ஒளிர்கிறது என்று கேட்க இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் ஆக வேண்டியிருந்தது. 1864-இல் இத்தாலியின் டொனாட்டி ஒரு வால்மீனின் ஒளியைப் பிரித்தபோது மூன்று பட்டைகள் தெரிந்தன. 1868-இல் இலண்டனின் வில்லியம் ஹக்கின்ஸ், வேறொரு வால்மீனின் பட்டைகளை எத்திலீன் வாயுவில் மின்பொறி பாய்ச்சிப் பெற்ற பட்டைகளோடு அருகருகே வைத்து ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. மெழுகுதிரியின் காலடியில் இருப்பது வால்மீனின் தலையிலும் இருந்தது.

அதே 1868-இல் ரோமை நகரில் இன்னொருவரும் இதே பட்டைகளின்முன் நின்றார். அவர் அருட்தந்தை ஆஞ்சலோ செக்கி. 1818-இல் ரெஜ்ஜோ எமிலியாவில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, 1848-ஆம் ஆண்டின் கலகத்தில் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தங்கித் திரும்பியவர். ரோமைக் கல்லூரியின் வானாய்வுக்கூடப் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அதற்கு அவர் தேர்ந்துகொண்ட இடம் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரை. அவ்வாலயத்துக்கு ஒரு பெரிய குவிமாடம் திட்டமிடப்பட்டு, அதைத் தாங்கும் அளவுக்கு வலிய தூண்களும் எழுப்பப்பட்டன. குவிமாடம் மட்டும் கட்டப்படவில்லை. அந்தக் குறை தெரியாதபடி, சகோதரர் போட்ஸோ துணியில் தீட்டிய பொய்க் குவிமாடம் ஒன்று உள்ளே இன்றும் காண்போரை ஏமாற்றி நிற்கிறது. குவிமாடத்துக்கென எழுந்த தூண்கள் தொலைநோக்கியைச் சற்றும் அசையாமல் தாங்கின. கைவிடப்பட்ட திட்டங்கள் சில வேளைகளில் இப்படியும் பயன்படும்.

செக்கி செய்தது பொறுமையின் பணி. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் ஒளியை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கி, அவற்றை வகைப்படுத்தினார். மூன்றாம் வகைச் செந்நிற நட்சத்திரங்களில் பட்டைகள் ஊதாப் பக்கம் கூர்மையாகவும் சிவப்புப் பக்கம் மங்கலாகவும் இருந்தன. 1868-இல் மிக மங்கிய சில சிவப்பு நட்சத்திரங்களைப் பார்த்தபோது இது தலைகீழாக இருக்கக் கண்டார். காலை வெயிலில் மேற்கே விழுந்த தூண்களின் நிழல் மாலையில் கிழக்கே விழுவதைப் போன்ற மாற்றம் அது. அந்த நிழல் திரும்பிய முறை அவருக்குக் கார்பனை நினைவூட்டியது. ஒப்பிட்டுப் பார்த்து, இவை கார்பன் மிகுந்த நட்சத்திரங்கள் என நான்காம் வகையாக ஒதுக்கினார். அவற்றுள் ஒன்றின் அழகில் தோய்ந்து 'லா சுப்பெர்பா' என அவர் இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது. 1873-இல் துறவற சபைகளின் உடைமைகளைப் புதிய இத்தாலிய அரசு எடுத்துக்கொண்டபோதும் செக்கி தம் கூடத்தில் பணியைத் தொடர்ந்தார்; 1878 பிப்ரவரியில் இறந்தார். நம்மவருள் சிலர், திருச்சபை அறிவியலுக்குப் பகையன்று என்று வாதிட வேண்டிய இடத்தில் மட்டும் இவர் பெயரை எடுப்பதுண்டு. அது அவருக்குப் போதிய மதிப்பாகாது. வாதத்துக்காக அன்று, இரவுதோறும் ஒரு மங்கிய சிவப்புப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று அறிவதற்காகவே அவர் கூரையேறினார்.

இனி நம் பக்கம் வருவோம். செக்கி நோயுற்று ஓய்ந்த நாட்களில் இங்கே தாது வருடப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. 1876-இல் மழை பொய்த்ததில் தொடங்கி 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. மதுரைச் சீமையும் தப்பவில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி. வேலை செய்யும் உடலுக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மன்றாடினார். இதற்கிடையே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த 1877-இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி, தென்னிந்தியாவின் வறட்சியும் பஞ்சமும் ஒரு சுழற்சியில் வருகின்றன என்று ஒரு நூல் எழுதினார். சூரியன்மீது தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழை குறைகிறது என்பது அவர் கணக்கு. சூரிய ஆய்வாளர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து அதே ஆண்டில் இதை ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டனர். அவர்கள் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: பசியின் மூலம் சூரியனில் இருக்கிறது என்று கொண்டால், கூலியைக் குறைத்தவரும் கப்பலை நிரப்பியவரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்ப்பது வேறு, மக்கள் சாவது வேறு. முன்னது பின்னதாக மாறும் வழியில் மனிதர் கைகள் பல உள்ளன.

எது எப்படியாயினும், சூரியனைத் தொடர்ந்து நோக்கினால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. பழனி மலைமேல் கோடைக்கானலில் சூரிய வானாய்வுக்கூடம் அமைந்ததற்கு அந்நம்பிக்கையும் ஒரு காரணம். மிச்சி ஸ்மித் இடம் தேர்ந்தார். 1899-இல் சென்னையிலிருந்து பணி அங்கு மாறியது. ஆக, வானம் பார்த்த பூமியின் பஞ்சம் அந்த மலைக்கூடத்தின் அடித்தளத்தில் ஒரு கல்லாக இருக்கிறது. செண்பகனூருக்குத் தியானத்துக்கும் கோடைக்கானலுக்குக் குளிர் காற்றுக்கும் ஏறிச் செல்லும் நம்மவர் பலர் அறியாத செய்தி இது.

1907-இல் அங்குப் பணியேற்ற ஜான் எவர்ஷெட் வந்த ஆண்டிலேயே டேனியல் வால்மீனின் நிறமாலையை ஒளிப்படமெடுத்தார். 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அது அவர் பெயராலேயே எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. அவருடைய மனைவி மேரி அம்மையாரும் வானியலாளரே. தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதி, கோடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் வெளியிட்டார். இலக்கிய இதழ் ஒன்றில் எழுதும்போது அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1910-இல் ஹாலி வால்மீன் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யெர்க்ஸ் கூடத்தார் அதன் நிறமாலையில் சயனோஜன் பட்டைகளைக் கண்டதாக அறிவித்தனர். ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த சிறு மூலக்கூறின் ஒளி அது; வால்மீன்களில் அதை 1881-லேயே ஹக்கின்ஸ் கண்டிருந்தார். மே மாதம் 18, 19 தேதிகளில் பூமி வால்மீனின் வாலுக்குள் புகும் என்று கணிக்கப்பட்டிருந்ததால், நச்சுவாயு உலகை மூடப்போகிறது என்று பல நாடுகளில் பீதி பரவிற்று. வால்மீன் மாத்திரைகள் விற்றன. சாவிதுவாரங்களைக் காகிதத்தால் அடைத்தோரும் உண்டு. வாலோ, நாம் வெற்றிடம் என்று கருதுவதைக் காட்டிலும் அடர்த்தியானதன்று. எதுவும் நிகழவில்லை. எவர்ஷெட் தம் மலையிலிருந்து வால்மீனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

மழை என்னவாயிற்று? கோடைக்கானல் கூடம் அப்போது இந்திய வானிலைத் துறையின்கீழ் இருந்தது. 1904 முதல் 1924 வரை அத்துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர் தேர்ந்த கணித வல்லுநர். கரும்புள்ளிகளையும் இந்திய மழையையும் ஆண்டுதோறும் பொருத்திப் பார்த்த அவர், முன்னறிவிப்புக்கு உதவும் அளவுக்கு அவற்றிடையே உறவு இல்லை என்று கண்டார். பருவமழைக்கு மேலான துப்பு சூரியனில் அன்று, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே ஊசலாடும் காற்றழுத்தத்தில் அவருக்குக் கிடைத்தது. தாது வருடத்து வறட்சிக்குப் பின்னாலும் மிக வலிய எல் நினோ இருந்ததெனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். மழைக்காக அமைத்த கண்ணாடியில் மழை தெரியவில்லை.

தெரிந்தவை வேறு. சூரிய ஒளியை மிக விரித்துப் பார்த்தால், அதில் நெருங்கி நிற்கும் எண்ணற்ற இருண்ட கோடுகளுள் ஸ்வான் பட்டைகளின் கோடுகளும் உண்டு. சுடரில் எந்த நிறத்தை அம்மூலக்கூறு கொடுக்கிறதோ அதே நிறத்தைச் சூரியனின் மேலடுக்கில் அது விழுங்குகிறது. ஏன் கொடுக்கிறது, ஏன் விழுங்குகிறது என்பதற்கு விடை 1920-களில் குவாண்டம் இயற்பியலோடு வந்தது. மூலக்கூறின் எலெக்ட்ரான்கள் விரும்பிய உயரத்தில் எல்லாம் நிற்க மாட்டா. படிக்கட்டில் நிற்பவரைப்போல் படிகளில் மட்டுமே நிற்கும். அடிப்படியில் இருப்பது அடிநிலை. மேற்படிக்கு ஏறினால் அது கிளர்நிலை. கிளர்நிலையில் நெடுநேரம் தங்க முடியாது. பச்சை ஒளியைத் தரும் இருகார்பன் மூலக்கூறு அந்நிலையில் தங்கும் காலம் ஏறத்தாழ ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு. அதற்குள் கீழே இறங்கி, இறங்கிய உயரத்துக்கு ஈடான நிறத்தில் ஒளியை விட்டுவிடும். அணுவாக இருந்தால் அது ஒற்றைக் கோடாக இருக்கும். மூலக்கூறோ அதே வேளையில் அதிர்கிறது, சுழல்கிறது. அவற்றுக்கும் படிகள் உண்டு. ஆதலால் ஒரு கோடு நூற்றுக்கணக்கான கோடுகளாகப் பெருகிப் பட்டையாகிறது.

அந்தக் கோடுகளை எண்ணியபோதுதான் பழைய வழக்கு முடிந்தது. ஸ்வான் பட்டைகளில், இருக்க வேண்டிய சுழற்சிக் கோடுகளுள் சரிபாதி இல்லை. இரு அணுக்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் நிகராய், அவற்றின் கருக்களுக்குத் தற்சுழற்சி இல்லாதிருந்தால் மட்டுமே கோடுகள் இப்படி ஒன்றுவிட்டு ஒன்று மறையும். ஆகவே அது ஹைட்ரஜன் சேர்ந்ததும் அன்று, ஆக்சிஜன் சேர்ந்ததும் அன்று. இரண்டு கார்பன், வேறெதுவும் இல்லை. இல்லாத கோடுகளே சாட்சி சொன்னது நமக்கு வியப்பாக இருக்கிறது. 1929-இல் அமெரிக்காவின் கிங், பிர்ஜ் இருவரும் 473.7-இல் உள்ள பட்டையின் அருகே 474.4-இல் அதன் மெலிந்த நிழல் ஒன்றைக் கவனித்தனர். இணையில் ஓர் அணு சற்று எடை கூடியிருந்தால் அதிர்வு மெதுவாகும், பட்டை அங்கே நகரும். கார்பன்-13 கண்டறியப்பட்டது இப்படித்தான். நம் கரிமூட்டத்துக் கரியிலும் நூறு அணுக்களுள் ஏறத்தாழ ஒன்று அதுவே.

வழக்கு முடிந்த பின்னும் ஒரு பிழை எஞ்சியிருந்தது. ஸ்வான் பட்டைகளை உமிழ்ந்து இறங்கும் கீழ்ப்படியே அடிநிலை என்று அனைவரும் நம்பியிருந்தனர். 1959-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பாலிக், ராம்சே இருவரும் அதற்கும் சிறிது கீழே இன்னொரு படி இருப்பதைக் காட்டினர். 1963-இல் முழு ஆய்வையும் வெளியிட்டனர். தரைத்தளம் என்று நினைத்து நடந்துகொண்டிருந்த வீட்டில் நிலவறை ஒன்று இருந்தது தெரிந்தாற்போல் ஆயிற்று. இந்த இரு அணுக்களைப் பிணைப்பது இரட்டைப் பிணைப்பா, மும்மைப் பிணைப்பா, நான்மைப் பிணைப்பா என்று 2012-இல் வேதியியலார் தொடங்கிய தகராறும் எளிதில் ஓயவில்லை.

ஒட்டாவாவில் அந்த ஆய்வகத்தை உருவாக்கியவர் கெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க். ஜெர்மானியர். மனைவி லூயிஸ் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் 1935-இல் நாட்டைவிட்டு வெளியேறிக் கனடாவின் சாஸ்கடூன் நகரில் புகலடைந்தார். வால்மீன்களின் ஒளியில் 405 நானோமீட்டர் அருகே ஒரு பட்டைக் கூட்டத்தை ஹக்கின்ஸ் 1881-லேயே குறித்திருந்தார். அது எதனுடையது என்று எவருக்கும் தெரியவில்லை. 1942-இல் ஹெர்ஸ்பெர்க் அதே பட்டைகளை ஆய்வகத்தில் உண்டாக்கி, ஒரு கார்பனும் இரு ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் ஒளி அது என்று கருதினார். 1951-இல் அவருடைய ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ், கார்பன்-13 கலந்து சோதித்து, அது மூன்று கார்பன் அணுக்கள் வரிசையாய் நின்ற மூலக்கூறு என்று நிறுவினார். ஹெர்ஸ்பெர்க்குக்கு 1971-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐரோப்பா போரை நோக்கிச் சரிந்த அந்த 1930-களில், காஸ்தல் கந்தோல்போவில் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தை ஒட்டி ஒரு நிறமாலை ஆய்வகமும் தொடங்கியது. இயேசு சபைத் தந்தை அலோயிஸ் காட்டரர் அதை நடத்தினார். தனிமங்களின் கோடுகளையும் மூலக்கூறுகளின் பட்டைகளையும் படமெடுத்து, பிற ஆய்வாளர் ஒப்பிட்டுக்கொள்ள உதவும் படத்தொகுதிகளை வெளியிட்டார். அவர் முயற்சியால் 1939-இல் பிறந்த 'ஸ்பெக்ட்ரோகிமிகா ஆக்டா' இதழ் பின்னாளில் துறையின் முன்னணி இதழ்களுள் ஒன்றாயிற்று.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளிதழ்களில் பச்சை வால்மீன் என்று ஒன்றைப் பற்றிப் படித்திருப்போம். அப்பச்சை இருகார்பன் மூலக்கூறுடையதே. அங்கு எரிவது எதுவும் இல்லை. சூரிய ஒளியை விழுங்கிக் கிளர்வதும் பச்சையை உமிழ்ந்து அடங்குவதுமாக அது மீண்டும் மீண்டும் ஏறி இறங்குகிறது. ஆனால் தலை மட்டுமே பச்சை. வாலில் அந்நிறம் இருப்பதில்லை. ஏன்? ஒளியைத் தரும் சூரியனே அம்மூலக்கூறை உடைத்தும் விடுகிறது என்று ஹெர்ஸ்பெர்க் 1930-களில் ஊகித்தார். அதை ஆய்வகத்தில் நேரே காண 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார், துணி வெளுக்கப் பயன்படும் ஒரு குளோரின் சேர்மத்தை லேசர் ஒளியால் சிதைத்து இருகார்பனைப் பெற்று, வெற்றிடத்தில் வேறொரு லேசரால் அதை உடைத்துக் காட்டினர். ஓர் ஒளித்துகள் போதவில்லை. இரண்டை அடுத்தடுத்து விழுங்கி, எளிதில் ஏற முடியாத படிகளில் ஏறிய பின்பே அது உடைகிறது. பூமி உள்ள தொலைவில் சூரியன் முன் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு நாள். அதற்குள் அது ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துவிடும். வாலை அடையுமுன் இரண்டு தனி அணுக்களாகிவிடும்.

அருப்புக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் விருதுநகர். அங்குள்ள செந்திக்குமார நாடார் கல்லூரியின் இயற்பியல் துறையினர் பல ஆண்டுகளாக இத்தகைய சிறு மூலக்கூறுகளுக்கு ஃபிராங்க்–காண்டன் காரணிகளைக் கணித்து வெளியிட்டு வந்துள்ளனர். பெயர் கடினம், பொருள் அவ்வளவு கடினமன்று. எலெக்ட்ரான் படி தாண்டுவது மின்னலைவிட விரைவு. கனத்த அணுக்கருக்கள் அந்நேரத்தில் அசையக்கூட முடியாது. ஆகவே மூலக்கூறு கீழே வந்து எந்த அதிர்வுப் படியில் நிற்கும் என்பது, தாண்டிய கணத்தில் கருக்கள் எவ்வளவு விலகி நின்றன என்பதைப் பொறுத்தது. அந்த வாய்ப்பைச் சொல்லும் எண்களே அக்காரணிகள். அவை கையில் இருந்தால்தான், தொலைவில் உள்ள ஒரு பட்டையின் பிரகாசத்தைக் கொண்டு, அங்குள்ள வெப்பத்தையும் மூலக்கூறுகளின் அளவையும் சொல்ல முடியும்.

கோடைக்கானல் கூடம் 1971-இல் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பகுதியாயிற்று. அந்நிறுவனத்தாரோடு இணைந்து விருதுநகர்க் கல்லூரியினர் 2006-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையில் அலுமினியமும் ஃபுளூரினும் சேர்ந்த மூலக்கூறின் கோடுகளை அடையாளம் காட்டியது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பமுடையது. கரும்புள்ளியின் நடுவே அது 4,000 அளவுக்கு இறங்குகிறது. அந்தச் சிறு தணிவில்தான் வேறெங்கும் சிதறிப்போகும் இணைகள் பல தாக்குப்பிடிக்கின்றன. எந்தக் கரும்புள்ளிகளில் நம் பஞ்சத்தின் காரணத்தைத் தேடினார்களோ, அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இந்த வறண்ட மாவட்டத்தின் கல்லூரி ஒன்றிலிருந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.